மாஸ்டர் தூங்கப் போன ஹோட்டல்

ரொட்டி மாஸ்டருக்குத் தூக்கம் வேண்டும். இந்தக் கதையில் அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பங்களா கட்ட வேண்டும், ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அந்த மனுஷன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. படுக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், தானாக விழிப்பு வரும்போது எழுந்திருக்க வேண்டும். இந்த அற்ப ஆசைக்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பேக்கரியில் ராத்திரி முழுக்க மாவோடும் அடுப்போடும் மல்லுக்கட்டிவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கு வருவார். அவர் கட்டிலில் சாயவும், சுவருக்கு அந்தப் பக்கம் தகரக்காரர் கடையைத் திறந்து சுத்தியலைத் தூக்கவும் சரியாக இருக்கும். வாளி, பெட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி என்று எதையாவது போட்டு அடித்துக்கொண்டே இருப்பார் அந்த ஆள். மாஸ்டர் கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், பேக்கரியிலிருந்து சூடாக பன் கொண்டுபோய்க் கொடுத்தும் பார்த்தார். தகரக்காரர் பன்னை ருசித்துத் தின்றுவிட்டு, "மெதுவா அடிச்சா அது தகரமாவே இருந்துடும் மாஸ்டர், வாளி ஆகாது" என்று சொல்லிவிட்டு, பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

அரைத் தூக்கத்தில் வேலைக்குப் போனால் என்ன ஆகும்? போன வாரம் ஒரு பிறந்தநாள் கேக்கில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைக் கொட்டிவிட்டார். கேக் வெட்டிய குழந்தை முதல் வாயிலேயே வீறிட்டு அழ, அதைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்ட பெரியப்பா அதைவிட அதிகமாக அழுதாராம். பேக்கரி முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மாஸ்டர், நாளன்னிக்கு என் பொண்ணு கல்யாணம். கேக்கை நீங்கதான் போடணும்னு அவ ஒத்தைக்கால்ல நிக்கிறா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அதுல மட்டும் உப்பு கிப்பு விழுந்துச்சு, அப்புறம் நீங்க வீட்டுலயே நிம்மதியாத் தூங்கலாம். ஆயுசு பூரா."

வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதுதான் பிரச்சினை என்று அந்த ஆளிடம் யார் போய்ச் சொல்வது? மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

மாஸ்டரின் சம்சாரத்துக்கு அந்த வாரம்தான் ஒரு பரிசு விழுந்திருந்தது. சோப்புத்தூள் கம்பெனிக்காரன் நடத்திய குலுக்கலில், நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஹோட்டலில் ஒரு நாள் தங்கலாம், ஒருவர் மட்டும். பெரிய ஹோட்டல் இல்லை, சின்னதுதான். ஆனால் சின்னதாக இருப்பதற்காகவே பெரிய ஆட்கள் வந்து தங்குகிற வகை.

"நீங்களே போங்க. வேலை முடிஞ்சதும் நேரா அங்க போயிடுங்க. பகல் முழுக்கத் தூங்குங்க, எழுந்திரிச்சு அப்படியே போயி கேக்கைப் போடுங்க" என்றாள் அவள்.

"உனக்கு விழுந்த பரிசாச்சே?"

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்? அங்க வந்தும் உங்க குறட்டையைத்தான் கேக்கணும். அதை இங்கயே கேட்டாச்சு. ஆனா ஒண்ணு, பாத்ரூம் எப்படி இருக்குன்னு நல்லாப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லணும்."

அப்படித்தான் ஒரு காலை வேளையில், சட்டையில் மாவும் கண்ணில் எரிச்சலுமாக மாஸ்டர் டாக்ஸி பிடித்தார். டாக்ஸிக்காரர் ஹோட்டல் பேரைக் கேட்டார். பேர் இல்லை என்றார் மாஸ்டர். சம்சாரத்திடம் கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்லியிருந்தான், பேர் வைத்தால் எதிர்பார்ப்பு வந்துவிடும் என்று வைக்கவில்லையாம்.

"ஓ, கதவு இல்லாத ஹோட்டலா? அப்படிச் சொல்லுங்க, தெரியும்" என்று வண்டியைக் கிளப்பினார் டாக்ஸிக்காரர்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் குடைக் கடைக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறச் சுவர் இருந்தது. அதுதான் ஹோட்டல் என்று காட்டிவிட்டு டாக்ஸி போய்விட்டது. மாஸ்டர் சுவரை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். கதவும் இல்லை, மணியும் இல்லை, ஒரு துவாரம்கூட இல்லை. குடைக் கடைக்காரர் பல பேரைப் பார்த்துச் சலித்தவர் போல, "தேடுங்க தேடுங்க" என்று மட்டும் சொன்னார். கால் ஓய்ந்துபோய் மாஸ்டர் சுவரில் சாய்ந்தார். சுவர் உள்பக்கம் திறந்துகொண்டது. பையும் கையுமாக உள்ளே போய் விழுந்தார்.

யாரோ மெல்லக் கைதட்டினார்கள்.

"வாங்க சார், கண்டுபிடிச்சிட்டீங்க!" சாம்பல் நிற உடுப்பில் ஒரு பெண் குனிந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாராலயும் முடியாது. போன மாசம் ரூம் போட்ட ஒருத்தர் இன்னும் உள்ள வரலை. வெளியிலதான் எங்கயோ தேடிட்டிருக்கார்னு நம்புறோம்."

"நீங்கதான் ரிசப்ஷனாம்மா?" மாஸ்டர் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"ஐயோ, அந்த வார்த்தையெல்லாம் இங்க கிடையாது சார். நான் உங்க அனுபவ வழிகாட்டி. சொல்லுங்க, இன்னைக்கு எந்த மனநிலையில வந்திருக்கீங்க?"

"தூக்கத்துல."

அவள் ஏதோ ஆழமான தத்துவத்தைக் கேட்டுவிட்டவள் போல நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கிண்ணத்தில் வரவேற்புப் பானம் கொடுத்தாள். வெந்நீர்தான். அதில் ஒரு இலையை ஒருதரம் காட்டி எடுத்துவிட்டார்களாம், காட்டிய இலையைப் பக்கத்தில் ஒரு தட்டில் தனியாக வைத்திருந்தார்கள்.

கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் கயிறு கட்டி, ஒரு பழைய இரும்புக் கட்டில் கிடந்தது. மேலே ஒரு மெத்தை, ஒரு பஞ்சுத் தலையணை, ஒரு போர்வை. மாஸ்டர் வீட்டுக் கட்டிலுக்கும் அதற்கும் ஆறு வித்தியாசம்கூடக் கண்டுபிடிக்க முடியாது. 'தொடாதீர்கள்' என்று ஒரு சின்னப் பலகை.

"அது என்னம்மா?"

"அது கலைப்படைப்பு சார். மனுஷன் ஒரு காலத்துல எப்படிப் படுத்தான்ங்கிறதோட நினைவு."

"இப்ப எப்படிப் படுக்கிறான்?"

"அதைத்தான் நீங்க அனுபவிக்கப் போறீங்க" என்று அவள் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அறைகளுக்கு எண் இல்லை, உணர்ச்சிகளின் பேர் வைத்திருந்தார்கள். ஏக்கம், பிரிவு, மன்னிப்பு. மன்னிப்பு என்ற அறையில் குழாய் ரிப்பேராம், அதனால் அந்தப் பேர் பொருத்தமாக அமைந்துவிட்டது என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னாள். மாஸ்டருக்குக் கிடைத்த அறையின் பேர் தயக்கம். கதவில் கைப்பிடி கிடையாது. மாஸ்டர் விறுவிறு என்று போய்க் கதவின் முன்னால் நின்றார். அது திறக்கவில்லை.

"தயங்கணும் சார்."

"என்னது?"

"நீங்க பாட்டுக்கு நேரா வந்தா திறக்காது. கொஞ்சம் தயங்கணும். உள்ள போகலாமா வேண்டாமான்னு மனசு ஊசலாடணும். கதவுக்குத் தெரியும்."

மாஸ்டர் ஒரு கால் முன்னால் வைத்து, ஒரு கால் பின்னால் வைத்தார். தலையைச் சொறிந்தார். கதவு அசையவில்லை. "நடிக்கிறீங்க சார்" என்று வழிகாட்டி அன்பாகக் கண்டித்தாள். மாஸ்டருக்குத் தயக்கத்தை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. அப்போது முதலாளி மகளின் கல்யாண கேக் ஞாபகம் வந்தது. ராத்திரி கண் சொருகி, கை மறுபடியும் உப்பு டப்பா பக்கம் போய்விட்டால்? முன்னால் வைத்த கால் தானாகப் பின்னால் வந்தது. கதவு படாரென்று திறந்துகொண்டது.

உள்ளே அறையின் நட்டநடுவில், மீன் தொட்டி மாதிரி, நாலு பக்கமும் கண்ணாடி வைத்து பாத்ரூமைக் கட்டியிருந்தார்கள். சம்சாரத்திடம் இதை எந்த வாயால் சொல்வது என்று மாஸ்டர் மலைத்துப்போனார். படுக்கை வட்டமாக இருந்தது. கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு, பார்க்கும்போதே ஆடியது. அதன் மேல் மலை மாதிரி தலையணைகள்.

"இது வரவேற்புத் தலையணை சார், வந்ததும் எடுத்து வெச்சிடணும். இது அழகுக்கு. இது அந்த அழகுத் தலையணை தனியா இருந்தா வாடிடும்னு துணைக்கு. இது பார்க்க மட்டும்."

"தலை வைக்கிறது எதும்மா?"

"அதுக்குத் தலையணை ஆலோசகர் வருவார்."

வந்தார். மீசையெல்லாம் வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து, நெடுநேரம் மாஸ்டரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல எது மேல தலை வெச்சுப் படுப்பீங்க?"

"அண்ணன் மேல."

ஆலோசகர் கண்ணை மூடி அந்தப் பதிலை உள்வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு உமி இருக்கு, மரம் இருக்கு, ஆத்துக்கல் இருக்கு. எது உங்களைக் கூப்பிடுது?"

"பஞ்சு இல்லீங்களா?"

"பஞ்சு வைக்கிறதில்ல சார்" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "முன்ன வெச்சிருந்தோம். தூங்கிடுறாங்க."

அவர் வைத்துவிட்டுப் போன ஆற்றுக்கல்லை மாஸ்டர் ஓரமாக நகர்த்திவிட்டு, சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, ஆடும் படுக்கையில் ஒருவழியாகப் படுத்தார். உடனே விளக்கு பளிச்சென்று எரிந்தது. எழுந்து ஸ்விட்சைத் தேடினார், விளக்கு அணைந்தது. படுத்தார், எரிந்தது. விருந்தாளியின் மனதைப் புரிந்துகொண்டு எரிகிற விளக்கு என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். போகட்டும் என்று போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். கண் சொக்கியது. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ பெரிய வெண்கல மணி ஒன்று ணங்ங்ங் என்று அடித்தது. மாஸ்டர் படுக்கையிலிருந்து உருண்டார்.

"அன்பு விருந்தினர்களே," என்றது சுவருக்குள்ளிருந்து ஒரு குரல், "மௌன நேரம் தொடங்குகிறது. மௌனத்தைக் கேளுங்கள்."

சரி, தொலையட்டும், இனிமேலாவது அமைதி இருக்கும் என்று மாஸ்டர் மறுபடி ஏறிப் படுத்தார். கண் மூடுவதற்குள் ணங்ங்ங்.

"மௌனம் தொடர்கிறது" என்றது குரல்.

ணங்ங்ங். "இன்னும் மௌனம்தான்."

அதற்கப்புறம் கதவைத் தட்டி வழிகாட்டி எட்டிப் பார்த்தாள். மௌனம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்பது அவள் வேலையாம். மாஸ்டருக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. தகரக்காரராவது வாளி செய்கிறார், அடித்து முடித்ததும் ஒரு வாளி மிச்சமாகும். இவர்கள் எதற்காக அடிக்கிறார்கள்? அவள் போனதும் சம்சாரத்துக்கு போன் போட்டார்.

"தூங்கிட்டீங்களா?" என்று எடுத்ததுமே கேட்டாள் அவள்.

"தூங்கிட்டா எப்படிடி போன் பண்ணுவேன்? இங்க மணியடிச்சு மணியடிச்சு அமைதியா இருக்கச் சொல்றாங்க."

"சரி சரி. பாத்ரூம் எப்படி இருக்கு?"

"கண்ணாடி."

"பெரிய கண்ணாடியா? முழு உருவமும் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்" என்றார் மாஸ்டர், வேறு என்ன சொல்ல?

"அங்க முதலாளின்னு ஒருத்தர் இருப்பார்ல, நேராப் போயி அவர்கிட்ட கேளுங்க. வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? ராத்திரி கேக் ஞாபகம் இருக்கட்டும், அந்த வேலையும் போச்சுன்னா நானும் சுத்தியல் தூக்க வேண்டியதுதான்."

முதலாளி என்ற வார்த்தையும் அங்கே கிடையாது. நிறுவனர் என்று ஒருவர் இருந்தார். சாக்குத் துணி மாதிரி ஒரு சட்டை போட்டிருந்தார். சாக்குத் துணி மாதிரி தெரிவதற்காகவே தூரதேசத்தில் நெய்து வாங்கிய துணியாம். வெறும் தரையில், வெறும் அறையில் உட்கார்ந்து, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய், கையைக் கட்டி நின்று, தான் கொஞ்சம் தூங்கலாமா என்று கேட்டார்.

"தூக்கம்!" என்றார் நிறுவனர். அந்த வார்த்தையை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்துவிட்டுத் துப்பினார் போல இருந்தது. "சார், தூக்கம் உங்க வீட்டுலயே கிடைக்குமே, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"வீட்டுல கிடைக்கலீங்க. அதான்."

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. தூக்கம்னா என்ன? கண்ணை மூடிக்கிட்டு எங்க உழைப்பைப் பார்க்காம இருக்கிறது. நீங்க ஒரு பகல் பூரா கண்ணை மூடிட்டா, எங்க சுவர், எங்க விளக்கு, எங்க மணி, எல்லாம் யாருக்காக? அந்த மணியோட ஓசைக்கே ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். பஞ்சுத் தலையணையை எடுத்த நாள்லேர்ந்து இங்க யாரும் தூங்கினதா ஒரு புகார்கூட வந்ததில்ல. உங்களால அந்தப் பேர் கெட்டுடக் கூடாது."

"நீங்க எங்கங்க தூங்குவீங்க?" மாஸ்டர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். பக்கத்துத் தெருதான்" என்றார் நிறுவனர் கூச்சமே இல்லாமல். "அதுவும் இன்னைக்கு ரொம்ப முக்கியமான நாள். ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்கிற குழுவிலேர்ந்து ஒரு அம்மா மதிப்பீடு பண்ண வராங்க. இப்பப் போயி தூக்கம் அது இதுன்னு..."

"தொந்தரவு செய்யாதீர்கள்னு ஒரு அட்டை இருக்குமே, கதவுல மாட்டுறது. அதையாவது கொடுங்க. நான் பாட்டுக்கு ஒரு ஓரமா..."

"இருக்கு. ஆனா அதை ஒரு பெரிய ஓவியர் எழுதிக் கொடுத்திருக்கார். அதனால அதைக் கீழ தனி அறையில காட்சிக்கு வெச்சிருக்கோம். அதை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது."

மாஸ்டர் எப்போதும் சாதுதான். ஆனால் சாதுவுக்கும் ஒரு அளவு இருக்கிறது. அவருக்கு எங்கிருந்தோ ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. இன்றைக்குத் தூங்காமல் இந்த இடத்தை விட்டுப் போவதில்லை, நடப்பது நடக்கட்டும். தடதடவென்று படியேறித் தன் அறைக்கு வந்தார். கதவு திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? அவரிடம் இப்போது தயக்கம் துளிக்கூட இல்லை. கேக்கை நினைத்தார், முதலாளியை நினைத்தார், உப்பு டப்பாவை நினைத்தார். நினைக்க நினைக்க வைராக்கியம்தான் ஏறியது. கதவு கல்லுளிமங்கன் மாதிரி நின்றது.

"நாசமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கீழே இறங்கினார். கூடத்தில் யாரும் இல்லை. மதிப்பீட்டு அம்மாவை வரவேற்க எல்லாரும் வாசல் சுவருக்கு உள்பக்கமாகப் போய் வரிசையில் நின்றிருந்தார்கள். நடுவில் அந்த இரும்புக் கட்டில். அதில் மெத்தை. மெத்தையில் தலையணை. பஞ்சு! மாஸ்டர் கயிற்றைத் தூக்கி, குனிந்து உள்ளே போய், செருப்பைக் கட்டிலுக்கடியில் ஒழுங்காக விட்டுவிட்டுப் படுத்தார். கட்டில் கிறீச் என்றது. அவர் வீட்டுக் கட்டிலும் அப்படித்தான் சொல்லும். அதற்கப்புறம் நடந்தது எதுவும் மாஸ்டருக்குத் தெரியாது. அவர் எழுந்த பிற்பாடு வழிகாட்டிப் பெண் அவரிடம் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

மதிப்பீட்டு அம்மா சுவரைக் கண்டுபிடித்து உள்ளே வந்து விழுவதற்குக் கொஞ்ச நேரமானது. ஊர் ஊராக இந்த மாதிரி ஹோட்டல்களில் தங்கித் தங்கி, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த அம்மா. இலை காட்டிய வெந்நீரை வாங்கி, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். நிறுவனர் சுவரைப் பற்றிச் சொன்னார், "ம்" என்றாள். மணியைப் பற்றிச் சொன்னார், அதற்கும் "ம்" தான். பேசிக்கொண்டே கூடத்துக்குத் திரும்பிய நிறுவனர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். விலைமதிப்பற்ற கலைப்படைப்பின் மேல், சட்டையில் மாவோடு, வாயைத் திறந்துகொண்டு ஒரு ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இது..." என்றாள் அந்த அம்மா.

நிறுவனர் மாஸ்டரை எழுப்பக் கயிற்றுக்கு மேலே கையை நீட்டினார். வழிகாட்டிப் பெண் கெட்டிக்காரி. "இது எங்களோட புதுப் படைப்பு மேடம். பேரு, 'உறக்கம்'. ஒரு உழைக்கும் மனுஷன், ஒரு கட்டில், ஒரு பகல்."

அந்த அம்மா கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நெடுநேரம் நின்றாள். அவள் கண் கலங்கியது.

"எவ்வளவு தத்ரூபமா பண்றார்! அந்த வாயோரத்துல எச்சில் கூட." அவள் கைக்குட்டையை எடுத்தாள். "எத்தனை ஹோட்டல் பாத்துட்டேன். தூக்கத்தை யாரும் தொட்டதே இல்ல. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"ரொம்ப வருஷ யோசனை மேடம்" என்றார் நிறுவனர், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு. "மனுஷனுக்குத் தூக்கம்தான் அடிப்படைன்னு நான் எப்பவும் சொல்லுவேன். இப்பக்கூட ஒருத்தர்கிட்ட அதைத்தான் பேசிட்டிருந்தேன்."

அப்போது கூடத்து மூலையில் மணியடிக்கிறவர் வழக்கம்போலச் சுத்தியை ஓங்கினார். அந்த அம்மா திரும்பி ஒரு முறை முறைத்தாள். நிறுவனர் பாய்ந்து போய் மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த ஹோட்டலில் முதல்முறையாக மௌனம் உண்டானது. அறைகளிலிருந்து விருந்தாளிகள், என்ன ஆயிற்று, ஏன் சத்தமில்லை என்று பயந்துபோய் வெளியே வந்தார்கள். ஏக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தது, பிரிவிலிருந்து ஒரு கிழவர் வந்தார். கயிற்றைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கொட்டாவி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. கிழவர் சுவரோரமாக உட்கார்ந்தார், சாய்ந்தார், போய்விட்டார், தூக்கத்துக்குத்தான். தம்பதியில் மனைவி கணவன் தோளிலும், கணவன் தூணிலும் சாய்ந்தார்கள். தலையணை ஆலோசகர் மடியில் கல்லை வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே தலை தொங்கிவிட்டார். மதிப்பீட்டு அம்மா கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையிலேயே படுத்துவிட்டாள். மணியைக் கட்டிப்பிடித்தபடி நிறுவனர் மட்டும் விழித்துக்கொண்டிருந்தார், விட்டால் அது ஆடி அடித்துவிடும் என்று.

சாயங்காலம் மாஸ்டருக்குத் தானாக விழிப்பு வந்தது. தானாக! இந்தச் சுகத்தை அவர் எத்தனையோ வருஷமாக மறந்திருந்தார். கையை நீட்டி, காலை நீட்டி, ஒரு பெரிய சோம்பல் முறித்தார். சுற்றிலும் கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் வெலவெலத்துப் போய்க் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினார்.

நிறுவனர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏழாவது நட்சத்திரம் கொடுத்துட்டாங்க சார்! நீங்க எங்கயும் போகக் கூடாது. தினமும் இங்க வந்து தூங்கணும். இனிமே நீங்கதான் எங்க உறக்கக் கலைஞர்."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. ராத்திரி பேக்கரி, பகலில் இந்தக் கட்டில். இதைவிட என்ன வேண்டும்? "வேற ஒண்ணும் பண்ண வேண்டாமே?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல. தூங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆலோசனைக் கூட்டம். குறட்டைக்கு ஒரு குரல் பயிற்சியாளர் வருவார், உங்க குறட்டையில நடுப்பகுதி கொஞ்சம் தொய்யுது. புரண்டு படுக்கிறதை ஒத்திகை பாத்துடலாம். அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை எங்க பொண்ணு வந்து லேசா எழுப்பி, தூக்கம் எப்படிப் போயிட்டிருக்குன்னு கேப்பா. அவ்வளவுதான்."

மாஸ்டர் செருப்பை மாட்டினார். "பகல்ல தூங்குறதுக்கு இவ்வளவு வேலை இருக்குன்னா நான் ரொட்டியே போட்டுக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே சுவரில் சாய்ந்து வெளியே போய் விழுந்தார். தெருவில் ஒரு ஆள் பெட்டியோடு சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். போன மாசத்துக்காரராக இருக்கலாம். மாஸ்டர் அவரைப் பார்த்து, "வீட்டுக்குப் போயிடுங்க" என்றார்.

அன்றைக்கு அவர் போட்ட கேக்கைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள். முதலாளி சந்தேகத்தோடு ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டார். இன்னொரு துணுக்கு கிள்ளினார். கல்யாணப் பெண் வந்து, "அப்பா, கேக்கை விட்டு வைங்கப்பா" என்று கையைத் தட்டிவிட்டதும்தான் நிறுத்தினார். மாஸ்டரின் வேலைக்கு ஆபத்தில்லை, அந்த ஒரு நாளைக்கு. மறுநாள் விடிந்தால் அதே வீடு, அதே சுவர், அதே தகரக்காரர்.

இதையெல்லாம் சம்சாரத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னார். கண்ணாடி பாத்ரூமைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிலைச் சுற்றிய கயிறு விஷயம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கயிறு கட்டினதும் எல்லாரும் சத்தமில்லாம நின்னாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் எழுந்து போய், துணி காயப்போடுகிற கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலையில் மாஸ்டர் வேலை முடிந்து வந்து பார்த்தால், அவர் கட்டிலைச் சுற்றி நாலு நாற்காலி, நாற்காலிக்கு நாற்காலி கொடிக்கயிறு. தலைமாட்டில் ஒரு அட்டை, சம்சாரத்தின் கோணல் எழுத்தில்: 'இது கலைப்படைப்பு. பேரு உறக்கம். தொடாதீர்கள்.'

"என்னடி இது கூத்து?"

"வாயை மூடிட்டுப் படுங்க" என்றவள், போய்த் தகரக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணே, ஏழு நட்சத்திர ஹோட்டல்ல வெச்சிருந்தது. எவ்வளவோ கெஞ்சிக் கேட்டாங்க, நாங்கதான் வீட்டுக்கே கொண்டு வந்துட்டோம். நீங்க பக்கத்து வீடாச்சேன்னு முதல்ல உங்களுக்குக் காட்டுறேன்."

தகரக்காரர் கையில் சுத்தியலோடு உள்ளே வந்தார். கயிற்றைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். சுத்தியலை மெதுவாக, சத்தம் வராமல் தரையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"அடடா," என்றார் ரகசியக் குரலில், "இத்தனை வருஷமாப் பக்கத்துலயே இருக்கேன். இப்படி ஒண்ணு இங்க இருக்குன்னு தெரியாமப் போச்சே தங்கச்சி! எதுவரைக்கும் நடக்கும்?"

"சாயங்காலம் வரைக்கும்."

"அப்போ கடையை மூடிட்டு வந்துடுறேன். எங்க வீட்டுலயும் கூட்டிட்டு வரேன்."

மாஸ்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து சம்சாரத்தைப் பார்த்தார். அவள் குனிந்து போர்வையை இழுத்துவிட்டு, காதோரமாகச் சொன்னாள்.

"அசையாதீங்க. ஆள் பாக்குறாங்க."